விதி செய்தவன் யார்?

(ஒரகடத்தில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசும்படி நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "விளையாட்டும் அரசியலும்" என்பதாகும். நோட்டீசில் இதைப் பார்த்த சிலர், "சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள், வேலை நேரத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று பார்த்தால், பிள்ளைகள் காசு போட்டு ஆடுகின்ற வீடியோ கேம் பெட்டியைப் பற்றியா பேச வருகிறார்கள்?" என்று சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். சிரிக்கட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். தலையெழுத்து, முன்ஜென்மம், மேல்சாதி கீழ்சாதி என்கின்ற எண்ணங்கள் நம் ஜனங்களுக்குள் எந்த வழியாகப் புகுந்தன? வேதத்தைப் படித்தா புகுந்தன? அதைப் படிக்கத்தான் நம்மை விடவில்லையே! தாலாட்டு வழியாகவும், கூத்து வழியாகவும், கும்மி வழியாகவும், விளையாட்டு வழியாகவும் அல்லவா புகுந்தன! புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால் யாராவது ஒருவன் எதிர்க்கேள்வி கேட்பான். விளையாட்டில் வைத்துக் கொடுத்தால் எவனும் கேட்கமாட்டான், ஆடிக்கொண்டே விழுங்கிவிடுவான். ஆகவே இது சிறு விஷயம் அல்ல.

முதலில் நம் வீட்டு விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பரமபதத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இராமானுஜர் பிறந்த ஊர், அவர் ஆதிசேஷன் என்கின்ற பாம்பின் அவதாரம் என்று சொல்லிக்கொள்ளுகின்ற ஊர் அல்லவா! வைகுண்ட ஏகாதசி இரவில் தூங்காமல் இருந்தால் புண்ணியம் என்று சொல்லி, கண் விழிப்பதற்காகப் பரமபதத் தாளை விரித்து வைத்துக்கொண்டு தாய்மார்கள் தாயக்கட்டை உருட்டுவது உங்களுக்குத் தெரியும். கீழே பூமி, மேலே வைகுண்டம். நடுவில் ஏணிகளும் பாம்புகளும். ஏணி என்பது பக்தி, தானம் முதலிய புண்ணியம். பாம்பு என்பது காமம், கோபம் முதலிய பாவம். வைகுண்டத்துக்கு அருகில் ஒரு பெரிய பாம்பு வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்.

இதில் இருக்கின்ற புரட்டைச் சற்றுக் கவனியுங்கள். பாம்பு கடித்தவன் என்ன பாவம் செய்தான்? ஒன்றுமே செய்யவில்லை. கட்டை உருண்டது, மூன்று விழுந்தது, மூன்று கட்டம் நகர்ந்தான், பாம்பு விழுங்கிவிட்டது. ஏணி ஏறினவன் எந்தப் பசித்தவனுக்குச் சோறு போட்டான்? அவனுக்குக் கட்டையில் ஐந்து விழுந்தது, அவ்வளவுதான். தன் இஷ்டப்படி ஒரு கட்டம்கூட நகர முடியாத ஒருவனுக்கு, "நீ செய்த பாவத்தால் விழுந்தாய், அவன் செய்த புண்ணியத்தால் ஏறினான்" என்று சொல்லுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் தோழர்களே! சேரியில் பிறந்தவனையும் அக்கிரகாரத்தில் பிறந்தவனையும் பார்த்து நம் மதம் சொல்லிவந்ததும் இதே நியாயந்தானே? பிறப்பு கட்டை உருண்டதைப் போல வந்தது. பெயர் மாத்திரம் கர்மபலன்! ஆயிரம் உபந்நியாசம் செய்து புரியவைக்க முடியாத ஒரு கொள்கையை ஒரு தாளும் இரண்டு பித்தளைக் கட்டையும் புரியவைத்துவிடுகின்றன. இதைவிட மலிவான பிரசாரம் எது?

வெள்ளைக்காரன் இந்த விளையாட்டைப் பார்த்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் ஊருக்குக் கொண்டுபோனான். அவனுக்கு வைகுண்டம் வேண்டியிருக்கவில்லை; வேறொன்று வேண்டியிருந்தது. அங்கே அச்சடித்த பலகைகளில் சிக்கனம், பச்சாத்தாபம், உழைப்பு என்பவை ஏணிகள். கீழ்ப்படியாமை, சோம்பல், சுகபோகம் என்பவை பாம்புகள். ஏணியின் உச்சியில் வெற்றி. பாம்பின் வாலில் நோய், அவமானம், வறுமை. பார்த்தீர்களா? பார்ப்பானுடைய பலகையில் தரித்திரத்துக்குக் காரணம் முன்ஜென்மம். முதலாளியுடைய பலகையில் தரித்திரத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம். இரண்டிலும் கூலி குறைத்தவன் பெயர் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

நிற்க. இனிக் காசு போடும் பெட்டிக்கு வருவோம்.

இங்குள்ள நடுவயதுத் தோழர்களுக்கு டவுன்களில் இருந்த வீடியோ கேம் கடைகள் ஞாபகம் இருக்கலாம். பரமபதத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பரமபதத்தில் எல்லாம் கட்டை செய்வது. உன் கையில் ஒன்றுமில்லை. பெட்டியிலோ எல்லாம் உன் கைச் சாமர்த்தியம். தோற்றால் உன் குற்றம். சாமர்த்தியம் போதவில்லையா, இன்னொரு காசு போடு! கேட்பதற்கு இது மிகவும் நியாயமாகத் தோன்றும். ஆனால் பெட்டி செய்தவன் கணக்கு என்ன? ஒருவனே ஒரு காசில் நாள் முழுதும் நின்றுவிட்டால் கடைக்காரன் பிழைப்பது எப்படி? ஆகையால் ஆடுகின்றவன் கடைசியில் தோற்றே தீரவேண்டும் என்று பெட்டிக்குள் ஏற்பாடு செய்திருக்கின்றது.

1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ என்பவர் "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" என்று ஒரு விளையாட்டைச் செய்தார். ஆகாயத்திலிருந்து 55 அன்னியப் பிராணிகள் வரிசை வரிசையாக இறங்கும். கீழே ஒரு பீரங்கி. அது இடமும் வலமும் மாத்திரம் நகரும். சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சுட்டு முடித்தால் பரிசு என்ன? மறுபடியும் 55 இறங்கும், முன்னைவிடத் தாழ்வாக. இந்த விளையாட்டால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்துவிட்டது என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். ஆதாரம் தேடினவர்களுக்கு அது கிடைத்தபாடில்லை. வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும்கூட ஸ்தலபுராணம் எழுதுவார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி.

அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகமாக ஓடும். ஆடுகின்றவன் இதை எதிரியின் ஆத்திரம் என்று நினைத்துக்கொள்ளுவான். உண்மை அதுவல்ல. பெட்டிக்குள் இருந்த கணக்கு இயந்திரம் 55 உருவங்களையும் நகர்த்துவதற்குத் திணறிற்று. உருவங்கள் குறைந்ததும் பாரம் குறைந்து வேகமாக நகர்த்திற்று. செய்தவர் அது நன்றாயிருக்கின்றதென்று அப்படியே விட்டுவிட்டார். இதைச் சொன்னால் அசெம்பிளி லைனில் நிற்கும் தோழர்களுக்கு உடனே விளங்கும். பத்து ஆள் நின்ற இடத்தில் எட்டு ஆள் நிறுத்தினால் லைன் மெதுவாகவா ஓடுகின்றது?

இந்த விளையாட்டில் நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. அதில் இறங்கி வருகின்றவனுக்கு முகம் இல்லை, ஊர் இல்லை, ஏன் வருகிறான் என்பதற்குக் காரணம் இல்லை. வருகின்றவன் பகைவன், சுடு. இதுதான் அதன் அரசியல் முழுவதும். 2023 மார்ச்சில் என்ன நடந்தது? பீகாரிலிருந்து வந்த தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்களைச் செல்போனில் பரப்பினார்கள். போலீசார் அவை பொய் என்று சொல்லி வழக்குப் போட்டார்கள். அதற்குள் அந்த ஏழைகள் ரயில் ஏறிவிட்டார்கள். இந்தப் பக்கத்திலும் சில பேர், "வடக்கே இருந்து படையெடுத்து வருகிறான், நம் வேலை போயிற்று" என்று பேசுகிறார்கள். இந்தியைத் திணிக்கிறவனை நாம் எதிர்க்கின்றோம், எதிர்த்துக்கொண்டே இருப்போம். ஆனால் ஒரு அறையில் பத்துப் பேராகப் படுத்து, காண்ட்ராக்டரிடம் கமிஷன் கொடுத்துக் கூலி வாங்குகின்ற ஒரிசாக்காரனா இந்தியைத் திணித்தான்? அவனைக் குறைந்த கூலிக்கு அழைத்து வந்தவன் மேலே உட்கார்ந்திருக்க, பக்கத்து லைனில் நிற்பவனைச் சுடச் சொல்லுகின்ற விளையாட்டு யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பெட்டி, 1981-இல் வந்த "டான்கி காங்". ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இரும்புச் சாரத்தின் உச்சியில் போய் நிற்கும். கீழே ஒரு தச்சன். குரங்கு மேலிருந்து உருட்டிவிடுகின்ற பீப்பாய்களைத் தாண்டித் தாண்டி அவன் ஏறவேண்டும். அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை? "காப்பாற்றுங்கள்" என்று கத்துவதுதான் வேலை. அவளுக்கு ஒரு பெயர்கூட முதலில் வைக்கவில்லை. தச்சன் கிட்ட வந்ததும் குரங்கு அவளைத் தூக்கிக்கொண்டு இன்னும் மேலே போய்விடும். இராமாயணத்தை ஒரு காசுக்குச் சுருக்கியிருக்கிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகின்றது. அங்கும் பெண் ஒரு பந்தயப் பொருள். அவளுக்கு அழுகையைத் தவிர வேறு காரியம் கொடுக்கப்படவில்லை. மீட்டுக்கொண்டு வந்தவனே நெருப்பில் இறங்கச் சொன்னான் என்கின்ற பாகம் ஒன்றுதான் பெட்டியில் இல்லை.

ஆனால் இந்தப் பிரதேசத்துப் பெண்கள் அந்தப் பெட்டியைப் பொய்யாக்கிக் காட்டினார்கள். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் செய்துவந்த பெண்கள், தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நோயுற்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். எந்தத் தச்சனும் பீப்பாய் தாண்டி வரவில்லை. அவர்களே வந்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அமெரிக்காவிலிருந்த ஆப்பிள் கம்பெனி, விடுதியும் சாப்பாட்டு இடமும் தரமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி "பேக்-மேன்" என்கின்ற விளையாட்டைப் பற்றி நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். ஏனென்றால் இதில் பேய் வருகின்றது. பேய் என்றால் நம் கட்சிக்காரர்களுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்!

1980-இல் ஜப்பானிலே இவாதானி என்பவர் செய்தது. ஒரு வட்ட மஞ்சள் உருவம். அதற்கு வாய் ஒன்றுதான் உண்டு. சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்ன வேண்டும். நாலு பேய்கள் துரத்தும். ஆடுகின்ற பிள்ளை நடுங்குவான்: முன்னாலும் பேய், பின்னாலும் பேய், எப்படியோ நம் எண்ணத்தைத் தெரிந்துகொண்டு வந்து மறிக்கின்றதே என்று. ஆனால் அந்தப் பேய்களுக்கு எண்ணமும் கிடையாது, கோபமும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கின்றது. சிவப்புப் பேய்க்கு: அவன் நிற்கின்ற கட்டத்தை நோக்கிப் போ. இளஞ்சிவப்புப் பேய்க்கு: அவன் பார்க்கின்ற திசையில் நாலு கட்டம் முன்னே போய் மறி. நீலப் பேய்க்கு: சிவப்புப் பேய் எங்கே என்றும் பார்த்து, அவன் எங்கே போகிறான் என்றும் பார்த்து, இரண்டையும் கணக்கிட்டு வா. ஆரஞ்சுப் பேய்க்கு: தூரத்தில் இருந்தால் துரத்து, எட்டுக் கட்டத்துக்குக் கிட்டே வந்துவிட்டால் உன் மூலைக்குத் திரும்பிப் போ. ஆரஞ்சுப் பேயைப் பார்க்கும்போதெல்லாம் தொழிலாளிக்காகப் பேசுகின்ற சில தேர்தல் தலைவர்கள் நமக்கு ஞாபகம் வருகிறார்கள், அது கிடக்கட்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? எந்த மந்திரவாதியும் அல்ல. பெட்டி முன்னால் நின்று காசைத் தொலைத்த சாதாரணப் பிள்ளைகள். ஒரே வழியில் ஓடினால் பேயும் ஒரே வழியில் வருகின்றது என்பதைக் கவனித்தார்கள். குறித்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் இதைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றார்கள். அந்த வழிகளைப் பாடம் செய்தவனை மணிக்கணக்காகப் பேய் தொடவே முடியாது. 255 கட்டங்களைக் கடந்து அவன் 256-ஆவது கட்டத்துக்குப் போனால் என்ன நடக்கும்? திரையில் பாதி சிதைந்து எழுத்தும் எண்ணும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். மேலே ஆட முடியாது. கட்டத்தை எண்ணுவதற்கு இயந்திரத்தில் ஒதுக்கிய இடத்தில் 255-க்கு மேல் எண் அடங்காது. அவ்வளவுதான் அந்த முடிவில்லாத லோகத்தின் சங்கதி!

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கின்றது. நம் பாஷையில் "விதி" என்று ஒரு சொல் இருக்கின்றது. விளையாட்டுக்கு விதி என்றால் மனிதன் செய்த ஏற்பாடு. மாற்ற வேண்டுமானால் மாற்றலாம். வாழ்க்கைக்கு விதி என்றால் மாத்திரம் பிரம்மா மண்டையில் எழுதினது, மாற்ற முடியாது! ஒரே சொல்லுக்கு ஏன் இந்த இரண்டு அர்த்தம்? முதல் அர்த்தத்தை மறைக்கத்தான் இரண்டாவது அர்த்தம் வந்தது என்பது நம் அபிப்பிராயம். விதி செய்தவன் தன் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டுமானால் அதைக் கடவுள் தலையில் போடுவதுதான் சுலபம்.

நோக்கியா விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனி செல்போன் என்றாலே பாம்பு விளையாட்டு என்று ஜனங்கள் நினைத்த காலம் ஒன்று இருந்தது. 1976-இல் "பிளாக்கேட்" என்கின்ற காசுப் பெட்டியில் தொடங்கிய யோசனை அது. 1997-இல் நோக்கியாக்காரர் தம் போனுக்குள் வைத்தார்கள். பாம்பு தின்னத் தின்ன நீளும். நீள நீளத் திரும்ப இடமிராது. கடைசியில் தன் உடம்பிலேயே முட்டிச் சாகும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கம்பெனி தொழிற்சாலை திறந்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். 2014 ஏப்ரலில் கம்பெனியின் செல்போன் வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிற்று. வருமானவரித் தகராறில் சிக்கிய இந்தத் தொழிற்சாலை மாத்திரம் விடுபட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கணக்குத் தீர்த்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதியோடு உற்பத்தி நின்றது. இது விதியா? எந்த விதி? பின்லாந்தில் போட்ட கணக்கு ஒரு விதி, டில்லியில் போட்ட வரி ஒரு விதி, ரெட்மாண்டில் எழுதின ஒப்பந்தம் ஒரு விதி. இவற்றில் ஒன்றிலாவது லைனில் நின்ற பெண் கையெழுத்துப் போட்டாளா? அவள் சோம்பலாக இருந்தாள் என்றோ, முன்ஜென்மத்தில் பாவம் செய்தாள் என்றோ எவனாவது சொல்ல முடியுமா?

மாற்ற முடியாத விதி என்று சொன்னவை மாறியதையும் பார்த்திருக்கின்றோம். 2023 ஏப்ரல் 21-ந் தேதி, நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கும் மசோதா ஒன்று நம் சட்டசபையில் நிறைவேறியது. நாம் ஆதரிக்கின்ற ஆட்சி செய்தது என்பதற்காக நாம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆட்சியின் கூட்டுக்கட்சிகளே எதிர்த்தன. பத்து நாளில், மே 1-ந் தேதி, அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது 1923-இல். சரியாக 100 வருஷம் கழித்து அதே தேதி!

அடுத்த வருஷம் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தோழர்கள் செப்டம்பர் 9-ந் தேதி வெளியே வந்து உட்கார்ந்தார்கள். குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், டெலிவிஷன் செய்கின்றவர்கள். ஆயிரம் பேருக்கு மேல். முக்கியமாக அவர்கள் கேட்டது தங்கள் சங்கத்தை ஒப்புக்கொள் என்பதுதான். அதற்குக் கம்பெனி சொன்ன ஆட்சேபணைகளில் ஒன்றைக் கேளுங்கள்: சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்கின்ற சொல் இருக்கக்கூடாதாம், அது கம்பெனியின் வியாபாரச் சின்னமாம்! அந்தப் பெயரை ஒரு நாளைக்கு எத்தனையோ பெட்டிகளின் மேல் ஒட்டுகின்ற கை, தன் மேல் ஒட்டிக்கொள்ளக்கூடாது. கோயில் கட்டினவன் உள்ளே போகக்கூடாது என்று சொன்னவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? பந்தலைப் போலீசார் இரவோடு இரவாகப் பிரித்தார்கள். தோழர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். அக்டோபர் மத்தியில் ஒப்பந்தமாகி வேலைக்குத் திரும்பினார்கள். 2025 ஜனவரி 27-ந் தேதி சங்கம், அதே பெயரோடு, பதிவாயிற்று. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. அதற்குப் பிறகும் சஸ்பென்ஷனும் தகராறும் வந்தன. ஆனால் பேய் எந்தச் சந்தில் திரும்பும் என்பதை அந்தத் தோழர்கள் குறித்து வைத்திருந்தார்கள். 1926-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்து, பதிவு செய்ய மறுப்பதற்கு ரிஜிஸ்திராருக்கு எந்தக் காரணம் உண்டு, எந்தக் காரணம் இல்லை என்று ஹைகோர்ட்டில் போய்க் கேட்டார்கள்.

இராமானுஜரைப் பற்றி ஒரு வார்த்தை. குரு இரகசியமாகச் சொன்ன மந்திரத்தை அவர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் கேட்கும்படி கூவினார் என்று கதை சொல்லுகிறார்கள். இரகசியத்தை உடைத்த மட்டில் நாம் அதைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் உடைத்த இரகசியத்துக்குள் என்ன இருந்தது? எட்டெழுத்து இருந்தது. அதைக் கேட்டவனுக்குக் கூலி உயர்ந்ததா, கோயில் கதவு திறந்ததா?

தோழர்கள் இரண்டு சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில், "விளையாட்டை விளையாட்டாக விடக்கூடாதா? பிள்ளைகளை ஆட வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கின்றது. தாராளமாக ஆடட்டும். பரமபதமும் ஆடட்டும். ஆடும்போது, "இந்தப் பாம்பை இந்தக் கட்டத்தில் வைத்தது யார்?" என்று பிள்ளை கேட்டால், "சும்மா உருட்டு" என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்; அது போதும்.

மற்றொன்று ஆன்லைன் ரம்மியைப் பற்றியது. அது அதிர்ஷ்டமா, திறமையா என்று கேட்கிறார். இதே கேள்வியைத்தான் கோர்ட்டுகளும் கேட்டுக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் கொடுத்தார். அந்த நவம்பரில் ஹைகோர்ட்டு ரம்மியைத் திறமை என்று சொல்லிற்று. 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் காசு கட்டி ஆடுகின்ற ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நம்மைக் கேட்டால், திறமையோ அதிர்ஷ்டமோ, ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுக்கின்றவன் ஒருவன் தோற்காமல் உட்கார்ந்திருக்கிறான் அல்லவா, அவன் ஆடுவது எது என்று முதலில் பார்க்க வேண்டும். அறையில் தங்கியிருக்கும் வாலிபர்கள் சம்பளம் வந்த இரவே அதைத் தொலைத்துவிட்டுக் காலையில் லைனுக்குப் போவது நமக்குத் தெரியாததல்ல.

கடைசியாக ஒரு அறிவிப்பு. ஒவ்வொரு பெரிய தொழிற்சாலைக்கும் நிலையாணைகள் என்று ஒன்று உண்டு. எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, லீவு எப்படி, சஸ்பென்ட் செய்தால் என்ன படி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கின்றது. தொழிலாளிக்குப் புரிகின்ற பாஷையில் அதை வாசல் பக்கத்தில் போட்டு வைக்க வேண்டும் என்று 1946-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லிற்று. இங்கிருப்பவர்களில் அதைப் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்பும் என்பது எழும்பும்போது தெரியும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை இதே இடத்தில் கூடுவோம். அவரவர் தொழிற்சாலை நிலையாணைகளின் நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்; கொடுக்க மறுத்தால் யார் மறுத்தார், எந்தத் தேதியில் மறுத்தார் என்பதை எழுதிக்கொண்டு வாருங்கள். ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்போம். பெண் தோழர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். தேநீர்ச் செலவு நம்முடையது.